ஏற்காடு ஏறி இறங்க எந்தச் சட்டை?

ஒருவர் கேட்டிருப்பது இதுதான். வீடு சேலம் அஸ்தம்பட்டியில். புது வேலையில் வாரத்துக்கு நாலு நாள் பைக்கில் ஏற்காடு ஏறி, நாகலூர், செம்மடுவு பக்கம் காபித் தோட்டங்களுக்குள் நடந்து மரக் கணக்கு எடுக்க வேண்டும். இதற்கென்று 2,500 ரூபாய் கொடுத்து முழு பாலியஸ்டரில் ஒரு 'அவுட்டோர் ஷர்ட்' வாங்கியாயிற்று. இரண்டு மாதத்துக்குள் எத்தனை துவைத்தாலும் வாடை போக மாட்டேன் என்கிறது. இனி என்ன துணி எடுப்பது, ரெடிமேடா தைப்பதா, எப்படித் துவைத்து வைப்பது, வாங்கிய சட்டையை என்ன செய்வது?

அவசரத்தில் இருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காட்டன் பாதிக்குக் கொஞ்சம் மேலே இருக்கும், பாலியஸ்டர் கலந்த பாலிகாட்டன் துணியில், நடுத்தரக் கனத்தில், சாய்கோடு ஓடும் ட்வில் நெசவில், வெளிர் நிறத்தில், முழுக்கை வைத்து, உடம்பில் ஒட்டாத அளவுக்கு லூஸாக இரண்டு சட்டை தைத்துக்கொள்ளுங்கள். உங்கள் 2,500 ரூபாய்க்குள் இரண்டும் முடிந்துவிடும். ஏன் என்பதுதான் நீளமான கதை.

சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர். ஏற்காடு ஊர் 1,500 மீட்டர் சொச்சம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. அப்படிப் பார்த்தால் கீழே கோரிமேட்டில் 38 டிகிரி அடிக்கும்போது மேலே ஏற்காடு ஒண்டிக்கடையில் 30தான். இந்த எட்டு டிகிரியை நீங்கள் முப்பது கிலோமீட்டருக்குள், 20 கொண்டை ஊசி வளைவுகளில் கடக்கிறீர்கள். அடிவாரம் வரை வேர்த்து முதுகு நனைந்திருக்கும். பத்தாவது வளைவைத் தாண்டினால் அதே ஈரத்தின் மேல் குளிர்காற்று அடிக்கும். மேலே போய்த் தோட்டத்துக்குள் ஏற்ற இறக்கத்தில் நடந்தால் மறுபடி வேர்வை. மத்தியானம் மூடுபனி இறங்கினால் மறுபடி ஈரம். ஆக, இந்தப் பாதைக்கான சட்டை வெயிலுக்கானதா குளிருக்கானதா என்று யோசிப்பதைவிட, நனைந்தால் உடம்பிலேயே எவ்வளவு சீக்கிரம் காய்கிறது, காயும்வரை தோலில் அப்பிக்கொள்ளாமல் இருக்கிறதா என்று பாருங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

துணிக்கு வருவோம். சாதாரண ஈரப்பதத்தில் காட்டன் நூல் தன் எடையில் எட்டரை சதவீதம் வரை ஈரத்தை இழைக்குள்ளேயே இழுத்து வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் இழுப்பது 0.4 சதவீதம்தான், அதாவது ஒன்றுமே இல்லை. வேர்வை ஆவியாகும்போது உடம்புச் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். காட்டன் அந்த ஈரத்தைப் பிடித்துவைத்து மெதுவாக விடுவதால்தான் சேலம் வெயிலில் அது சுகமாக இருக்கிறது. ஆனால் முழுக்கத் தொப்பலாகிவிட்டால் காட்டன் லேசில் காயாது. அந்த ஈரச் சட்டையோடு காத்து அடிக்கும் வளைவில் வண்டி ஓட்டினால் பல் கிட்டிக்கும். டிசம்பர், ஜனவரியில் மேலே விடிகாலைக் குளிர் 15 டிகிரிக்குக் கீழே போகும்போது இது வெறும் அசௌகரியம் மட்டும் இல்லை, உடம்புச் சூட்டையே இறக்கிவிடும்.

பாலியஸ்டர் இதற்கு நேரெதிர். தண்ணீர் இழைக்குள் போகாமல் இழைகளுக்கு நடுவிலேயே நிற்பதால் உதறினாலே பாதி போய்விடும், சீக்கிரம் காய்ந்தும்விடும். சிக்கல் எங்கே என்றால், தண்ணீரை விரட்டுகிற அதே இழை எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நம் உடம்பு வேர்வை மட்டுமா விடுகிறது, எண்ணெய்ப் பசையும் விடுகிறதே. அந்தப் பசையில் உட்கார்ந்து தின்று பெருகும் பாக்டீரியாதான் உங்கள் சட்டையின் வாடை. பெல்ஜியத்தில் கெண்ட் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2014ல் இதைச் சோதித்துப் பார்த்து வெளியிட்டார்கள். உடற்பயிற்சி முடித்தவர்களின் சட்டைகளை எடுத்துப் பார்த்ததில் பாலியஸ்டரில் வாடை தூக்கலாக இருந்தது. துர்வாடை கிளப்பும் மைக்ரோகாக்கஸ் வகை பாக்டீரியா அந்தத் துணியில் நன்றாக வளர்ந்தது, காட்டனில் அப்படி வளரவில்லை. அதனால் உங்கள் துவையலில் குறை என்று நினைக்க வேண்டாம். நாள் முழுக்க வேர்த்து வேலை செய்கிறவர்களுக்கு முழு பாலியஸ்டர் சரிப்படாது, அவ்வளவுதான். சருகு எரிக்கிற இடத்திலும் அடுப்பு பக்கத்திலும் இன்னொரு ஆபத்து இருக்கிறது. பொறி பட்டால் காட்டன் கருகும், பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

இரண்டையும் கலந்தால் இரண்டின் குணமும் பாதிப் பாதி கிடைக்கும். கடையில் 'பாலிகாட்டன்' என்று எடுத்துப்போடுவது பெரும்பாலும் 65 பாலியஸ்டர், 35 காட்டன். அது யூனிஃபார்ம் துணி. உழைக்கும், ஆனால் உடம்புக்குப் புழுங்கும். காட்டன் 55, 60 சதவீதம் இருப்பதைக் கேளுங்கள். ஜவுளிக்காரர்கள் அதைச் சி.வி.சி. என்பார்கள். ஈரோடு, திருப்பூர் இரண்டும் பக்கத்திலேயே இருப்பதால் சேலம் கடைவீதியில் இந்த ரகம் கிடைப்பது கஷ்டமில்லை. கேட்க வேண்டும், அவ்வளவுதான், தானாக எடுத்துக் காட்ட மாட்டார்கள்.

ரேயான், விஸ்கோஸ் என்று வழுவழுப்பாகத் தொங்கும் துணியைக் கையில் எடுத்ததும் ஆசை வரும். வேண்டாம். காட்டன் நனைந்தால் இழை உறுதி கூடும், விஸ்கோஸ் நனைந்தால் உறுதி பாதியாகிவிடும். வேர்த்த முதுகோடு ஒரு முள்ளில் மாட்டினால் கிழிந்து தொங்கும். லினன் காற்றோட்டத்தில் ராஜா, ஆனால் மடிப்பு விழும் இடத்தில் நைந்து போகும், விலையும் அதிகம். வெளிநாட்டுக்காரர்கள் மெரினோ கம்பளியைத் தலைமேல் வைத்துக் கொண்டாடுவார்கள். நம் ஊர் விலைக்கும் பூச்சிக்கும் அது தாங்காது, விட்டுவிடுங்கள்.

டீ ஷர்ட் போட்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். பனியன் துணி பின்னல் துணி, நெய்த துணி இல்லை. தோட்டத்து ஓரங்களில் மண்டிக் கிடக்கும் உண்ணிச்செடியின் முள் ஒரு கண்ணியைப் பிடித்து இழுத்தால் அங்கிருந்து வரிசையாகப் பிரியும். ஊசிப்புல் விதை உள்ளே நுழைந்து தோலைக் குத்திக்கொண்டே இருக்கும், லேசில் பிடுங்க வராது. கொசுவும் நீட்டிக் கடித்துவிடும். டீ ஷர்ட்டை உள்ளே போடுங்கள், வெளியே நெய்த சட்டைதான்.

துணிக் கனத்தைச் சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று சொல்வார்கள், கடையில் அதுதான் 'ஜி.எஸ்.எம்.'. ஆபீஸ் சட்டைத் துணி 100, 120 வாக்கில் இருக்கும். உங்கள் வேலைக்கு 130லிருந்து 150க்குள் எடுங்கள். அதற்கு மேலே போனால் வேலைக்காரர் பேன்ட் துணி மாதிரி ஆகி அடிவாரத்திலேயே வெந்துவிடுவீர்கள். ட்வில் என்றால் துணியில் சாய்ந்த கோடு ஓடும். அதே கனத்தில் அது சாதா நெசவைவிட நன்றாக மடங்கும், முள்ளுக்கும் கொஞ்சம் தாங்கும். சின்னச் சின்னக் கட்டம் ஓடும் ரிப்ஸ்டாப் கிடைத்தால் இன்னும் நல்லது. கனத்த நூல் குறுக்கும் நெடுக்கும் ஓடுவதால் கிழிசல் அந்தக் கட்டத்தோடு நின்றுவிடும்.

கடையில் நின்று செய்ய வேண்டிய சோதனை மூன்று. ஒற்றை மடிப்பாக டியூப் லைட்டுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். புள்ளி புள்ளியாக வெளிச்சம் கொட்டினால் நெசவு நெருக்கமில்லை என்று அர்த்தம். அப்புறம் ஒரு ஓரத்தை இரண்டு கைக்கும் நடுவில் வைத்து அழுத்திக் கசக்குங்கள். வெள்ளையாகத் தூள் உதிர்ந்தால் அது கஞ்சியின் கனம், முதல் துவையலில் துணி தொளதொளவென்று ஆகிவிடும். மூன்றாவது, பிட்டின் ஓரத்திலிருந்து இரண்டு இழை உருவிக்கொண்டு கடைக்கு வெளியே வந்து தீக்குச்சியில் காட்டுங்கள். காட்டன் காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும், விரலால் தேய்த்தால் பொடிந்துவிடும். பாலியஸ்டர் சுருண்டு உருகிக் கெட்டியான கரு முத்தாக நிற்கும். கலப்புத் துணியில் சாம்பலும் முத்தும் சேர்ந்தே இருக்கும். 'பியூர் காட்டன் சார்' என்று சத்தியம் செய்த துணியில் முத்து விழுந்தால், அந்தக் கடையில் மற்றது எதையும் வாங்காதீர்கள்.

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. மேலே குளிர்ச்சியாக இருப்பதால் வெயில் குறைவு என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. உண்மையில் ஆயிரம் மீட்டருக்குப் பத்து சதவீதம் அளவில் புற ஊதாக் கதிர் கூடும். துணி அதை எவ்வளவு தடுக்கிறது என்பதற்கு யு.பி.எஃப். என்று ஓர் அளவு உண்டு. 50 என்றால் ஐம்பதில் ஒரு பங்குதான் உள்ளே வரும். மெல்லிய வெள்ளை டீ ஷர்ட்டுக்கு இது சுமார் 7, நனைந்தால் 3 வரை இறங்கிவிடும். அதாவது மூன்றில் ஒரு பங்கு கதிர் நேரே தோலுக்கு. நெருக்கமான நெசவும் கொஞ்சம் பாலியஸ்டர் கலப்பும் இருந்தால் தனியாக 'சன் புரொடெக்‌ஷன்' லேபிள் தேடி அலைய வேண்டியதில்லை. லேபிள் இருக்கிற சட்டையும் இதைத்தான் செய்கிறது.

நிறம் வெறும் அழகுக்காக இல்லை. அடர் நிறம் கதிரை நன்றாகத் தடுக்கும் என்பது வாஸ்தவம், ஆனால் சூட்டையும் இழுக்கும். கறுப்பும் அடர் நீலமும் கொசுவுக்குப் பிடித்த நிறம். மலைத்தேனீ கலைந்து வரும்போது கறுப்பு உருவத்தைத்தான் முதலில் துரத்தும். அதனால் தோட்டத்துக்குள் கறுப்பு வேண்டவே வேண்டாம், சென்ட் அடித்துக்கொண்டும் போக வேண்டாம். காக்கியும் ஆலிவ் பச்சையும் அழுக்குத் தாங்கும் என்று எடுப்பார்கள். தோட்டத்துக்குச் சரி. ஆனால் சாயங்காலம் மூடுபனியில் வளைவு இறங்கும்போது எதிரே வரும் பஸ்காரருக்கு அந்த நிறம் தெரியாது. நான் சொல்வது வெளிர் மணல் நிறம் அல்லது வெளிர் சாம்பல் பச்சை. வண்டியில் இருக்கும்வரை மேலே ஒரு மஞ்சள் பிரதிபலிப்புக் கோட்டு. அது மடித்தால் பைக்குள் அடங்கிவிடும்.

சரி, தையல். இங்கேதான் ரெடிமேடைவிடத் தைப்பது ஜெயிக்கிறது. டெய்லர் அண்ணனிடம் அளவுச் சட்டை கொடுத்துவிட்டு வந்தால் அதே ஆபீஸ் சட்டைதான் வேறு துணியில் வரும். நின்று சொல்ல வேண்டும். முதலில் துணி அளவு. கடையில் வெட்டி வைத்திருக்கும் 1.6 மீட்டர் பிட் ஒட்டிப் பிடிக்கும் சட்டைக்குக் கணக்குப் போட்டது. அகலத் துணியில் 2 மீட்டர் எடுங்கள். அதைத் தைக்கக் கொடுக்கும் முன் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, முறுக்காமல் காயப்போட்டு, இஸ்திரி போட்டுக் கொடுங்கள். காட்டன் கலந்த துணி முதல் நனைப்பில் மூன்று முதல் ஐந்து சதவீதம் சுருங்கும். முப்பது அங்குல நீளத்தில் ஐந்து சதவீதம் என்றால் ஒன்றரை அங்குலம். குனிந்தால் இடுப்பு தெரிகிற சட்டைகளின் ரகசியம் அதுதான்.

மார்பளவுக்கு மேல் சுற்றளவில் ஆறு, ஏழு அங்குலம் லூஸ் வைக்கச் சொல்லுங்கள். 'தொளதொளன்னு இருக்குமே சார்' என்பார், இருக்கட்டும். தோலுக்கும் துணிக்கும் நடுவில் காற்று ஓடினால்தான் காயும், கொசுவின் ஊசியும் எட்டாது. ஆனால் கைக்குழியை மட்டும் பெரிதாக வெட்ட விடாதீர்கள். இது பலருக்கும் தலைகீழாகத் தோன்றும். கைக்குழி கீழே இறங்கினால் கையைத் தூக்கும்போது சட்டை மொத்தமும் கூடவே எழும்பும். குழி அக்குளுக்கு ஒட்டி மேலே இருந்து, கையின் மேல் பகுதி மட்டும் அகலமாக இருந்தால் மரத்தைக் கட்டிப்பிடித்து டேப் சுற்றும்போது இடுப்பில் சட்டை அசையாது. தைக்கக் கொடுத்த இடத்திலேயே பழைய சட்டையைப் போட்டு இரண்டு கையையும் முன்னால் நீட்டிக் காட்டுங்கள். முதுகில் எங்கே இழுக்கிறது என்று அவருக்கே புரிந்துவிடும்.

முதுகில் தோள்பட்டிக்குக் கீழே இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு பிளீட், அதாவது மடிப்பு. நடுவில் ஒற்றை பாக்ஸ் பிளீட் வைத்தால் பை மாட்டும்போது அது கொத்தாக அழுந்தும். தோள் தையல் தோளின் உச்சியில் வராமல் ஓர் அங்குலம் முன்பக்கம் தள்ளி வரட்டும், இல்லையென்றால் பை வார் அதன் மேலேயே உட்கார்ந்து அறுக்கும். கை நீளம் மணிக்கட்டு எலும்பைத் தாண்டி ஓர் அங்குலம் கூடுதலாக. ஹேண்டில் பிடிக்கும்போது கை மேலேறும் அல்லவா. கஃப்பில் இரண்டு பட்டன் வைத்து, ஒன்றைப் போட்டால் மணிக்கட்டை இறுகப் பிடிக்கும்படி கேளுங்கள். காபிச் செடியைத் தள்ளிக்கொண்டு போகும்போது முசுறு எறும்பு கைவழியாகத்தான் ஏறும். ஒருமுறை அக்குள் வரை ஏறவிட்டவர்கள் அப்புறம் கஃப் பட்டனைக் கழற்றவே மாட்டார்கள். கீழ்ப்பக்கம் இன்ஷர்ட் செய்தால் வெளியே வராத நீளம் வேண்டும். உண்ணி, கம்பளிப்பூச்சி சுணை எல்லாம் இடுப்பு இடைவெளியைத்தான் தேடும்.

பாக்கெட் இரண்டு, மூடியோடு, பட்டன் வைத்து. வெல்க்ரோ வேண்டாம். நாயுருவியும் ஒட்டுப்புல்லும் அதில் குடியேறிவிட்டால் அப்புறம் மூடாது. பாக்கெட்டின் மேல் முனைகளில் முக்கோணத் தையல் போடச் சொல்லுங்கள், முதலில் பிய்வது அந்த இடம்தான். நோட்டும் பேனாவும் வைக்கலாம். போனை மார்பு பாக்கெட்டில் வைத்துக் குனிந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஓரத் தையல்கள் ஓவர்லாக்கோடு நிற்காமல், மடித்து இரட்டைத் தையலாக இருக்கட்டும். கேட்டால் பத்து இருபது ரூபாய் கூடக் கேட்பார், கொடுத்துவிடுங்கள். நூல் பாலியஸ்டர் நூல். தையல் அங்குலத்துக்குப் பத்துப் பன்னிரண்டு. பட்டன் நாலு ஓட்டை, நடுத்தரக் கனம். காஜா ஓரம் பிசிறில்லாமல் நெருக்கமாக இருக்கிறதா என்று வாங்கும்போது பாருங்கள். அதே பட்டனில் இரண்டை உள்பக்கம் தைத்து வைக்கச் சொன்னால் மலைமேல் தேட வேண்டாம்.

ரெடிமேட்தான் வேண்டுமென்றால் மேலே சொன்னதையெல்லாம் திருப்பிப் பார்த்துச் சோதித்து எடுங்கள். கையை மடித்து மாட்டும் பட்டி உபயோகமான விஷயம். முதுகில் வலைத்துணி வைத்த காற்றோட்டத் திறப்பு பார்க்கத்தான் ஜோர். பை மாட்டியதும் அது மூடிக்கொள்ளும், வலையில் முள்ளும் மாட்டும். கண்ணாடி துடைக்க ஒரு துணி, இயர்போன் வயருக்கு ஒரு ஓட்டை என்று சேர்ப்பதெல்லாம் விலைப்பட்டியலுக்காக.

இனிப் பராமரிப்பு. இதில் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாகவே செய்தால் போதும், ஆனால் அன்றன்றைக்கே செய்ய வேண்டும். வீடு வந்ததும் சட்டையைக் கழற்றிக் கூடையில் போட்டு மூடாதீர்கள். முதுகில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கும் உப்பை வெறும் தண்ணீரில் அலசி, உதறிக் கொடியில் போடுங்கள். சோப்பே வேண்டாம். உப்பும் வேர்வையும் பெருமளவு அப்போதே போய்விடும். இரண்டு நாளுக்கு ஒருமுறை சோப்புப் போட்டால் போதும்.

சோப்பு விஷயத்தில் சேலத்துக்கென்று ஒரு தனிப் பிரச்சினை இருக்கிறது. மாமாங்கம், கருப்பூர் பக்கம் வெள்ளை வெளேரென்று தெரியும் மேக்னசைட் சுரங்கங்களைப் பார்த்திருப்பீர்கள். இந்த மண்ணில் போர் போட்டால் பல இடங்களில் கடினத் தண்ணீர்தான். அதில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் கட்டிச் சோப்போடு சேர்ந்து நுரை வராமல் திரிதிரியாகப் பிசுக்கு ஆகும். அந்தப் பிசுக்கு துணி இழையில் படிந்து, துணி விறைத்து, நிறம் மங்கி, அழுக்கையும் வாடையையும் உள்ளே பூட்டி வைக்கும். உங்கள் வீட்டில் போர் தண்ணீர் என்றால் இந்தச் சட்டைக்குக் கட்டிச் சோப்பை விட்டுவிட்டு டிடர்ஜென்ட் தூளோ திரவமோ எடுங்கள், அது கடினத் தண்ணீரிலும் வேலை செய்யும். மேட்டூர்த் தண்ணீர் வருகிற நாளில் கடைசி அலசலையாவது அதில் செய்யுங்கள். சோப்பு நுரை தண்ணீரில் தெரியாமல் போகும்வரை அலச வேண்டும். தூளை அள்ளிக் கொட்டுவதால் சட்டை வெளுக்காது, அலச மூன்று வாளி கூடுதலாகத்தான் செலவாகும்.

துவைக்கும் முன் பட்டனைக் கழற்றி, உள்பக்கம் வெளியே வருமாறு திருப்புங்கள், அழுக்கும் பசையும் இருப்பது அந்தப் பக்கம்தான். காலருக்கும் கஃப்புக்கும் கொஞ்சம் திரவத்தைத் தடவிப் பத்து நிமிஷம் விட்டு மெல்லிய பிரஷ்ஷால் ஒரே திசையில் தேயுங்கள். கல்லில் ஓங்கி அடிப்பது வேட்டிக்குச் சரி. சட்டையில் பட்டன் உடையும், காலர் முனை வெடிக்கும். வாசனைக்கென்று ஊற்றும் ஃபேப்ரிக் கண்டிஷனர் வேண்டாம். அது இழைமேல் ஒரு படலம் போட்டு, வேர்வையை உறிஞ்சி வெளியே கொண்டுவரும் குணத்தைக் கெடுக்கும். கஞ்சியும் வேண்டாம். நம் ஊரில் மொடமொடவென்று இருந்தால்தான் மரியாதை என்று ஒரு நினைப்பு, ஆனால் கஞ்சி நெசவின் துளையை அடைக்கும், பீரோவில் இராமபாணப் பூச்சிக்குச் சாப்பாடும் போடும்.

கறைகளில் சிலது மலைக்கே உரியது. பலாப் பிசின் ஒட்டினால் தண்ணீர் காட்டாதீர்கள். தேங்காய் எண்ணெய் தேய்த்துப் பிசினை இளக்கி வழித்துவிட்டு, பாத்திரம் தேய்க்கும் திரவத்தால் எண்ணெயை எடுங்கள். வாழைக்கறை பட்டு ஒரு நாள் காய்ந்துவிட்டால் போகவே போகாது, உடனே அலசினால் மங்கும், அவ்வளவுதான். ரத்தம் பச்சைத் தண்ணீரில் மட்டும், சுடுதண்ணீர் பட்டால் நிலைத்துவிடும். கம்பி வேலித் துருவுக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைத்து அலசுங்கள். சாயத் துணி என்றால் முதலில் உள்மடிப்பில் சோதித்துக்கொள்ளுங்கள். துருவின்மேல் பிளீச்சிங் மட்டும் ஊற்றக் கூடாது, கறை இன்னும் ஊறும். செம்மண் சேற்றை ஈரத்தோடு தேய்க்காமல் காயவிட்டுத் தட்டினால் முக்கால்வாசி உதிர்ந்துவிடும்.

மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையைப் பூஞ்சை நோய்க்கு அடிக்கும் நாட்களில், அல்லது பூச்சிமருந்து அடித்த தோட்டத்தில் நடந்துவிட்டு வந்தால், அந்தச் சட்டையை வீட்டுத் துணியோடு சேர்க்கவே கூடாது. தனி வாளியில் துவைத்து, வாளியையும் கழுவுங்கள். குழந்தை இருக்கிற வீட்டில் இது கண்டிப்பான விதி.

காயவைப்பதற்குச் சேலத்தில் யோசிக்கவே வேண்டாம். நிழலிலேயே காய்ந்துவிடும். உச்சி வெயிலில் நாள் முழுக்கத் தொங்கவிட்டால் சாயமும் போகும், இழையும் நைந்துவிடும். மேலே தங்கும் நாட்கள்தான் சோதனை. ஜூலை முதல் நவம்பர் வரை மூடுபனியில் கொடியில் போட்ட சட்டை இரண்டு நாளானாலும் சில்லென்று இருக்கும். அந்த அரை ஈரத்தோடு மடித்துப் பைக்குள் வைத்தால் மூன்றாம் நாள் கரும்புள்ளி. அது அழுக்கு இல்லை, பூஞ்சை. காட்டனை அது தின்னும், புள்ளி முழுதாகப் போகாது. அதனால் முறுக்காமல், ஒரு உலர்ந்த துண்டுக்குள் சட்டையைச் சுருட்டி அழுத்தி ஈரத்தை ஒற்றி எடுங்கள். பிறகு ஹேங்கரில் மாட்டி, ஃபேனுக்குக் கீழே, மேல் பட்டன் மட்டும் போட்டு விடுங்கள். காலர் மடிப்பையும் பாக்கெட் உள்ளையும் தொட்டுப் பாருங்கள், மற்ற இடம் காய்ந்தாலும் அங்கே ஈரம் ஒளிந்திருக்கும். விறகடுப்புக்கு மேலே தொங்கவிட்டால் சீக்கிரம் காயும்தான், புகைவாடை அடுத்த மூன்று துவையலுக்குப் போகாது. அந்துருண்டை பூச்சிக்குத்தான், பூஞ்சைக்கு ஒன்றும் செய்யாது.

இஸ்திரி கட்டாயமில்லை. போட்டால் நடுச்சூட்டில், உள்பக்கம். கரி இஸ்திரிக்காரரிடம் கொடுப்பதானால் பாலியஸ்டர் கலந்தது என்று சொல்லிக் கொடுங்கள், இல்லாவிட்டால் தையல் மேடுகளில் பளபளப்பு ஏறிவிடும், அது இறங்காது. சின்னக் கிழிசலை அன்றைக்கே ஊசி நூலில் பிடித்துவிடுங்கள். காலர் மடிப்பு நைந்தால் சட்டையைக் கழித்துவிட வேண்டாம். சேலத்தில் குகை, அம்மாப்பேட்டை என்ற பகுதிகளின் பக்கத்துப் பழைய டெய்லர்களிடம் கொடுத்தால் காலரைப் பிரித்துத் திருப்பித் தைத்துத் தருவார்கள், இன்னொரு வருஷம் ஓடும். முதுகுத்துணி வெளிச்சத்தில் வலை மாதிரி தெரிய ஆரம்பித்தால் மட்டும் வெயிலுக்கு அது ஆகாது, வண்டி துடைக்க எடுத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, கையிலிருக்கும் பாலியஸ்டர் சட்டை. தூக்கி எறியாதீர்கள். ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்து ராத்திரி முழுக்க ஊறவைத்து, காலையில் டிடர்ஜென்ட் திரவத்தில் உள்பக்கம் திருப்பித் துவைத்து, நாலு முறை அலசிப் பாருங்கள். கண்டிஷனர் போட்டுக்கொண்டிருந்தால் அதை நிறுத்துங்கள். வாடை ஒரே தடவையில் போகாது, இரண்டு மூன்று முறையில் குறையும். அப்புறம் அதை நடக்கிற நாளுக்கு வைக்காமல், மழை நாளில் கோட்டுக்குள் போட வைத்துக்கொள்ளுங்கள். ஏற்காட்டில் மழை பிடித்தால் எந்தச் சட்டையும் நனையும், அன்றைக்குச் சீக்கிரம் காய்கிற சட்டைதான் கெட்டிக்காரச் சட்டை. காட்டன் கலப்புச் சட்டை ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி வண்டிப் பெட்டியில் வைத்திருங்கள். மலை இறங்கும் முன் ஒண்டிக்கடையிலேயே மாற்றிக்கொண்டால், இருபது வளைவும் ஈர முதுகோடு இறங்க வேண்டியிருக்காது.